மகளின் பௌதிகவியலும் ஷோகேசுக்குள் கேட்ட அழுகையும்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, எங்கள் வீட்டில் பேய் புகுந்துவிட்டது என்று நான் உறுதியாக நம்பிய ஒரு மாதம் இருந்தது. அதைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

நான் துறைமுகத்தில் கிளார்க். கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். என் ஒரே மகள் டிலானி உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியலில் எஃப் எடுத்தாள். எனக்கு அவமானம். இரண்டாம் தடவைக்குப் படிக்கச் சொல்லி முன்னறை மேசையை விட்டு எழும்பவே விடவில்லை. அந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சத்தம் போட மட்டும் தெரியும். பிள்ளை பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

ஜூன் மாதம் அது தொடங்கியது. மாலை ஆறு மணியானால் ஷோகேசுக்குள் இருந்த வைன் கிளாஸ் ஒன்று தானாக ஒலிக்கும். மெல்லிய, இழுத்த சத்தம். யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுவது போல. மனைவி ஜெசிந்தா தீர்த்தம் தெளித்தாள். நிற்கவில்லை.

ஒரு மாலை அந்த ஷோகேசின் முன்னால் டிலானி கண்மூடி நின்றதைக் கண்டேன். உதடுகள் அசைந்தன. சத்தம் அடங்கியது. உதடுகளும் நின்றன.

"பிள்ளையில ஏதோ இறங்கியிருக்கு. பேயோட்டுற ஆக்களிட்ட கூட்டிட்டுப் போவம்," என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். கதவுக்குப் பின்னால் மகள் நின்றதை அறியவில்லை.

அடுத்த செவ்வாய் கோயிலில் நவநாள் செபம் முடிந்து வந்து, வீட்டில் முழந்தாளிட்டேன்.

"ஆண்டவரே, இந்த வீட்டில இருக்கிறது என்னெண்டு எனக்குக் காட்டும்."

சொல்லி வாய் மூடவில்லை. கிளாஸ் அழத் தொடங்கியது. பகல் ஒரு மணிக்கு.

டிலானி வந்தாள். ஷோகேசைத் திறந்து, கிளாஸின் விளிம்பில் மடித்த கடதாசித் துண்டு ஒன்றை வைத்தாள். அது துடிதுடித்துக் கீழே விழுந்தது. கிளாஸைக் கையால் பொத்தினாள். அமைதி. கையை எடுத்தாள். மறுபடியும் அழுகை.

"டடா, எனக்குப் பேய் பிடிக்கல்ல. இது கீழ்வீட்டுக்காரர் பின்னேரத்தில போடுற புதுத் தண்ணி மோட்டர். மோட்டர் அதிர்ற வேகமும் இந்தக் கிளாஸ் அதிர்ற வேகமும் ஒண்டு. அதான் யாரும் தொடாமலே இதுவும் அதிருது. எங்கட பாடத்தில இதுக்குப் பேர் பரிவு."

"பரிவா?"

"ஓம். அண்டைக்குக் கண்ண மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் கேக்குதெண்டு எண்ணினனான்."

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன், மகள், பெயிலானனீங்க?"

அவள் உடைந்து அழுதாள். "நீங்க இண்டைக்குத்தான் டடா கேக்குறீங்க."

பிறகு எல்லாம் சொன்னாள். முதல் தாளில் ஐம்பது கேள்விகள், இரண்டு மணித்தியாலம். ஒரு கேள்வியில் முட்டியதும் என் சத்தம் காதில் கேட்குமாம். கை விறைத்துவிடுமாம். மிச்சக் கேள்விகளைத் தொடாமலே நேரம் முடிந்துவிடுமாம்.

அன்றே மன்னிப்புக் கேட்டேன். அதன்பின் தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் விளக்கினாள், நான் கேட்டேன். அவள் பழைய வினாத்தாள்களைச் செய்யும்போது நான் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொன்னேன். முட்டிய கேள்வியை விட்டு அடுத்ததற்குப் போகப் பழகினாள். நவம்பரில் எழுதினாள். பௌதிகவியலில் பி.

ஒன்றை மறைக்க மாட்டேன். அந்தச் செவ்வாய் பகல் கீழ்வீடு பூட்டியிருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். காலையிலேயே எல்லோரும் பயணம் போயிருந்தார்கள். மோட்டரைப் போட்டது யார்? நினைத்தால் இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. நான் கேட்டேன், அவர் காட்டினார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பெற்றோரே, பிள்ளையின் பாடம் விளங்காவிட்டால் வெட்கப்படாதீர்கள். முழந்தாளிட்டு ஆண்டவரிடம் கேளுங்கள். எழும்பிப் போய்ப் பிள்ளையிடமும் கேளுங்கள்.