அம்மாவுக்கும் ஒரு படிவம்

மழை மாறி, தேயிலைக் கொழுந்து குறைந்து, மலையகத் தோட்டங்களை விட்டு யார் யார் போகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. போக முடியாதவர்களில் முதல் ஆள் நான். அதை ஆய்வில் எழுத முடியாது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று மேற்படிப்புக்கு இடம் தந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வரவில்லை என்று கடிதம் எழுதி, அனுப்ப மனமில்லாமல் பைக்குள் வைத்திருந்தேன். காரணம், குடும்பச் சூழ்நிலை. சூழ்நிலை என்றால் அம்மாதான். அப்பா இல்லை, நான் ஒரே பிள்ளை. முழங்கால் வீங்கிப்போனவளை டயகமப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் தனியே விட்டு எப்படிப் போவது? படிக்கும் ஊரிலிருந்து மாதம் தவறாமல் தலவாக்கலையில் பஸ் மாறி வருவேன். புகை படிந்த அந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நுழைந்ததும் மூச்சு முட்டும். வெறுப்பாக இருக்கும். வெறுக்கிறேனே என்று என்மேலேயே எரிச்சலும் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்தில் எல்லோரிடமும் ஆய்வுக் கேள்விகளைக் கேட்டு முடித்திருந்தேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே லயத்துக்கெல்லாம் படிவம் நிரப்புகிறவள் நான். அடையாள அட்டையா, ஆஸ்பத்திரியா, கூப்பிடு அவளை. அந்தக் கைப்பழக்கத்தில் அம்மாவின் படிவத்தை அவளைக் கேட்காமலே நிரப்பிவிட்டேன். தோட்டத்தை விட்டுப் போக விருப்பமா? இல்லை.

அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "எனக்கு என்னா எழுதுன?" என்றாள். வாசித்துக் காட்டினேன்.

"யாரு சொன்னா இல்லைன்னு? அட்டைக்கடியும் குளிரும் எனக்கு மட்டும் இனிக்குதா? உங்கப்பா போனதுலேர்ந்து போகணும்னுதான் இருக்கேன். கொழும்புல சித்தி கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப ஏம்மா போகல? இந்தக் கால வச்சிக்கிட்டு ஏன் இன்னும் மலை ஏறுறீங்க?"

"வேலையிலேர்ந்து பேர வெட்டிட்டா தோட்டத்துக்காரங்க காம்பராவ எடுத்துக்குவாங்கல்ல. அப்புறம் நீ எங்க வந்து எறங்குவ? மாசந்தவறாம ஓடி வர்ற புள்ள."

படிவத்தில் 'இல்லை'யை அழித்து 'ஆம்' என்று போட்டேன். அதற்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது: போகாததற்குக் காரணம்?

"உன்னையப் போடு. வேற என்னா காரணம்," என்றாள்.

எழுதக் கை வரவில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பைக்குள்ளிருந்த கடிதத்தை எடுத்து அவள் முன் வைத்து, வெளிநாட்டில் கிடைத்த இடத்தைப் பற்றியும், அவளை விட்டுப் போக முடியாமல் நான் மறுத்து எழுதியிருப்பதையும் சொன்னேன்.

"இந்தக் காம்பராவுக்காக நான் ஒரு நாளும் வரலம்மா. நீங்க இங்க இருக்கீங்கன்னுதான் வந்தேன்."

எண்ணெய்க் கை முழங்காலிலேயே நின்றுவிட்டது. அம்மா கடிதத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப இத்தன வருசமா," என்று மெதுவாகக் கேட்டாள், "நாம ரெண்டு பேரும் யாருக்காக இங்க கெடந்தோம்?"