பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

கோயமுத்தூர் கணபதியில், பம்ப்செட்டுக்கு உதிரிபாகம் கடையும் ஒரு பட்டறையின் மாடியில், உலகத்தில் உள்ள எல்லா வீடியோ கேம்களுக்கும் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் ஒன்று நடந்துவந்தது. நீதிபதியின் பெயர் வம்சி. வயது இருபத்தாறு. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தவன். முடித்த கையோடு அதை மறந்தும் விட்டவன். நீதிமன்றம் மத்தியானத்துக்கு மேல்தான் கூடும். நீதிபதி எழுந்திருப்பதே அப்போதுதான்.

தீர்ப்புகள் கடுமையானவை. செல்போனில் விளையாடுகிறவன் கேம் ஆடுகிறவனே அல்ல, விரலால் கண்ணாடி துடைக்கிறவன். சுலபமான லெவலில் வைத்து ஆடி முடிக்கிறவன் அந்த கேமின் பெயரைக்கூட வாயால் சொல்லக்கூடாது. அடுத்தவன் ஆடுவதை யூடியூபில் உட்கார்ந்து பார்க்கிறவனைப் பற்றிக் கேட்டால், "பக்கத்து ஊட்டுக்காரன் பிரியாணி தின்னறத ஜன்னல்ல எட்டிப் பாக்கற மாதிரிங்க அது" என்பான். கேம் கம்பெனிகளைச் சொன்னால் போதும், ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிப்பான். "பாதி வெந்த இட்லியப் பூரா வெலைக்கு வித்துப்போட்டு, மீதி வேகறதுக்குத் தனியாக் காசு கேக்கறானுங்க!" இப்படிக் கத்திவிட்டு, அந்த வேகாத இட்லிக்கு முன்பதிவு செய்து முதல் ஆளாக வாங்குகிறவனும் அவனேதான். கேமில் வரும் துப்பாக்கிக்குத் தங்க உறை வாங்கி மாட்டுகிறவர்களை நகைக்கடை பொம்மைகள் என்று கேலி செய்வான். அவனுடைய துப்பாக்கியில் அடிமுதல் நுனிவரை மயிலிறகு. கேட்டால், அது கலையாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவனுக்கு இந்த விளையாட்டுகள்மேல் நிஜமாகவே பிரியம் இருந்தது. நல்ல கேம் ஒன்றில் மழை பெய்தால், துரத்துகிறவர்களை மறந்துவிட்டு ஏதாவது ஒரு கூரைக்கடியில் போய் நின்று மழையையே பார்த்துக்கொண்டிருப்பான். இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் குழுவில் மானம் போய்விடும்.

குழுவின் பெயர் நொய்யல் வுல்ஃப்ஸ். நொய்யல் கரையில் ஓநாய் எந்தக் காலத்தில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. மொத்தம் ஐந்து பேர், வம்சி கேப்டன். அடுத்த இடம் ரைஹானுக்கு. ரைஹானின் அப்பா கோட்டைமேட்டில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். குழுவின் பெரிய வியாதி மரியாதை. வம்சி அதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புவான். "மத்த ஊருக்காரன் திட்டித் திட்டியே ஜெயிக்கறான். நாம 'ஏனுங்க, உங்களுக்குப் பின்னாடி ஒருத்தரு வாராருங்க'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்த ஒருத்தரு சுட்டுப்போட்டே போயிடறாரு." அவனே ஒருமுறை எதிரியைச் சுட்டுவிட்டு "சாரிங்க" என்று சொன்ன பதிவு இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கீழே பட்டறை நடத்துகிறவர் அவனுடைய நைனா சீனிவாசலு. அந்த வீட்டில் அப்பாவுக்குப் பெயர் நைனாதான். பாதித் தெலுங்கும் பாதிக் கொங்குத் தமிழுமாகப் பேச்சு ஓடும். வாக்குவாதம் என்று வந்தால் மட்டும் இரண்டு பேரும் தமிழுக்கு வந்துவிடுவார்கள்.

அப்படி ஒரு வாக்குவாதம் போன வருஷம் நடந்தது. "பட்டறைக்கு வா" என்றார் நைனா. வம்சி நாற்காலியில் சுழன்றபடியே ஒரு பிரசங்கம் செய்தான்.

"நீங்க லேத்து ஓட்டறீங்க, நான் இத ஓட்டறேன். ரெண்டும் கை வேலதானுங்க நைனா. வெளிநாட்டுல இதுக்கு ஸ்டேடியம் கட்டி வெச்சிருக்கறாங்க. இத வெளையாட்டுன்னு சொல்றத மொதல்ல நிறுத்துங்க. இது என்ற தொழிலு. உங்க லேத்துக்குக் குடுக்கற மரியாதைய என்ற மெஷினுக்கும் குடுங்க."

வேறு அப்பாவாக இருந்தால் நாற்காலியோடு தூக்கி வெளியே வைத்திருப்பார். சீனிவாசலு கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் ஊரில் ஒருத்தன் தன் வேலையைத் தொழில் என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் அதில் மூக்கை நுழைப்பது அநாகரிகம்.

"தொழிலுன்னு சொல்லிப்போட்டீன்னா தொழிலுதாண்டா" என்றார். அன்றோடு பட்டறைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். வம்சி பிராக்டிஸ் செய்யும் நேரத்தில் மாடிக்கு யாரும் போகக்கூடாது என்று அம்மா ராமாமணியிடமும் சொல்லிவைத்தார். தன் வாய்ச் சாமர்த்தியத்தால் கிடைத்த வெற்றி இது என்று வம்சி நினைத்துக்கொண்டான். அந்த மனுஷன் தன் பேச்சை நம்பியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

இந்த வருஷம் நொய்யல் வுல்ஃப்ஸ் மாநிலப் போட்டியில் அரையிறுதிவரை வந்துவிட்டது. ஜெயித்தால் சென்னையில், மேடையில், ஆயிரம் பேர் முன்னால் இறுதி ஆட்டம். வம்சிக்குத் தலைகால் புரியவில்லை. அரையிறுதி எந்தத் தேதி என்று தெரியும், எத்தனை மணிக்கு என்று தெரியும். அன்றைக்கு ஆயுத பூஜை என்பது மட்டும் தெரியாது. அவனுடைய காலண்டரில் கேம்களுக்கு அப்டேட் வரும் நாள்களைத் தவிர வேறு விசேஷம் கிடையாது.

அன்று மத்தியானம் எழுந்து பார்த்தபோது மேஜைமேல் வெறும் ஒயர்கள் கிடந்தன. திருடன் வந்துவிட்டான் என்று அலறிக்கொண்டு கீழே ஓடினான்.

பட்டறை கழுவிவிட்டதுபோல் இருந்தது. லேத்து, டிரில்லிங் மெஷின், வெல்டிங் செட் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. இரண்டு பக்கமும் வாழைக்கன்று. வாசலில் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. பெரிய லேத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மேஜை போட்டு, வாழையிலை விரித்து, அதன்மேல் அவனுடைய கம்ப்யூட்டர். கீபோர்டுக்கு ஒரு பொட்டு, மவுஸுக்கு ஒரு பொட்டு, ஹெட்போனுக்குச் செவ்வந்தி மாலை. காற்று போகிற ஓட்டையில்கூட அம்மா சந்தனம் வைத்திருந்தாள்.

"எந்திரிச்சிட்டியா கண்ணு? உன்னைய எழுப்ப வேண்டாம்னு நைனாதான் சொன்னாரு" என்று ராமாமணி அவன் நெற்றியில் குங்குமம் வைத்து, கையில் பொரியைக் கொடுத்தாள். "இந்த வருஷம் உன்ற மெஷினையும் வெச்சே ஆகோணும்னுட்டாரு. அவரே தூக்கிட்டு வந்தாரு."

வம்சி மேஜைக்குக் கிட்டே போய் நின்றான். இத்தனை வருஷமாக உலகத்தோடு சண்டை போட்டுக் கேட்ட மரியாதை, வாழையிலையில் உட்கார்ந்திருந்தது. போட்டோ எடுத்து, 'எங்க ஊட்டுல கேமிங்குக்குக் கெடச்ச மரியாதை' என்று எழுதிக் குழுவுக்கு அனுப்பினான். இதயங்கள் வந்து குவிந்தன. கூடவே ரைஹானின் போனும் வந்தது.

"கேப்டன், படம் சூப்பருங்க. ஆனா ஆறு மணிக்கு மேட்ச்சுங்க. பூஜைல வெச்சத இன்னைக்கு எடுக்கலாமுங்களா? எங்க கடைக்கு வர்றவங்க யாரும் இன்னைக்கு மெஷினத் தொடமாட்டாங்களே. நாளைக்குக் காலைலதான ஓட்டுவாங்க?"

வம்சியின் வாயில் பொரி அப்படியே நின்றது.

வேறு கம்ப்யூட்டரில் ஆட முடியாது. பதிவு செய்த மெஷினில்தான் ஆட வேண்டும் என்பது போட்டி விதி. ஐந்தில் ஓர் ஆள் குறைந்தாலும் தோற்றதாகக் கணக்கு. வம்சி நைனாவிடம் போனான்.

"நைனா, ஒரு ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும் எடுத்துக்கறனுங்க."

சீனிவாசலு அவனை வினோதமாகப் பார்த்தார். "பூஜை போட்ட ஆயுதத்த மறுநா காலைலதாண்டா தொடோணும். ஈரோட்டுக்காரரு காலைல இருந்து போன் மேல போனு. ஒரே ஒரு உருப்படிதான், கடைஞ்சு குடுங்கங்கறாரு. நான் லேத்தத் தொட்டனா? நாளைக்கு வாங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"இது வேறங்க நைனா..."

"எப்படி வேற? லேத்துக்குக் குடுக்கற மரியாதையக் குடுங்கன்னு நீதான கேட்டே?"

கேம் உலகத்தின் எந்த வாதத்துக்கும் எதிர்வாதம் வைத்திருந்தவன், பதினைந்து பக்கம் விமர்சனம் எழுதுகிறவன், நெற்றியில் குங்குமத்தோடு வாயைத் திறந்து திறந்து மூடினான்.

ஐந்தரைக்கு ரைஹான் மறுபடியும் கூப்பிட்டான். "பசங்கெல்லாம் வந்தாச்சுங்க கேப்டன். நீங்க முடியாதுன்னா சொல்லீருங்க, தப்பா நெனச்சுக்கமாட்டோம்." அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் வம்சியைக் குத்தியது.

வழி காட்டியது அம்மாதான். மகன் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை அவளுக்கு. "ஏனுங்க," என்று கணவரைக் கூப்பிட்டாள். "காலைல பாப்பாவோட மூணு சக்கர சைக்கிளையும் வரிசைல வெச்சமே. அவ அழுததும் எடுத்துக் குடுத்துட்டமுங்களே. வெளையாட்டுச் சாமானுக்கு அதெல்லாம் இல்லீன்னு நீங்கதான சொன்னீங்க?" பாப்பா என்பது வம்சியின் அக்கா மகள், மூன்று வயது.

சீனிவாசலு மகன் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. லேத்தில் அளவு கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"வெளையாட்டுச் சாமானா இருந்தா எடுத்துக்கலாம். தொழில் சாமானா இருந்தா நாளைக்குத்தான். எதுன்னு நீயே சொல்லு."

வம்சி லேத்தைப் பார்த்தான். வாழையிலையைப் பார்த்தான். கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"வெளையாட்டுச் சாமானுதானுங்க" என்றான்.

நைனா தலையாட்டினார். மாலையை அவரே கழற்றினார். கம்ப்யூட்டரை மாடிக்குத் தூக்கிப் போக ஒரு கையும் கொடுத்தார்.

நொய்யல் வுல்ஃப்ஸ் ஜெயித்தது. மவுஸ் குங்குமத்தில் வழுக்கியும் வம்சி அன்று ஆடிய ஆட்டம், மயிலிறகுத் துப்பாக்கிக்கே பெருமை. "ஜெயிச்சுப்போட்டமுங்க! சென்னைங்க கேப்டன், சென்னை!" என்று ரைஹான் கத்தினான். வம்சி "நல்லா ஆடுனீங்க எல்லாரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றினான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. தன்னைத் தவிர யாருக்கும் தெரியாத வெட்கமாக இருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பான். அவன் வாயால் சொன்னதைக் கீழே இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஒரு வருஷமாகத் தட்டப்படாத கதவு அது.

"எந்திரி. இன்னைக்கு விஜயதசமி, நல்ல நாளு, மெஷின் ஓட்டப் பழக்கிக் குடுக்கறேன். பட்டறைக்கு வா."

"எனக்கு பிராக்டிஸ் இருக்குதுங்க நைனா. ஃபைனலு வருது."

"வெளையாட்டுத்தானப்பா. சாயந்தரமா வெளையாடிக்க."

"ஃபைனலு புதங்கிழமைங்க. சென்னைல."

"வேலை நாளாச்சே" என்று சீனிவாசலு உண்மையாகவே யோசித்தார். "லோடு இல்லீன்னா போய்ட்டு வா. பாக்கலாம்."

ஒன்பது மணிக்கெல்லாம் வம்சி முழங்கைவரை கிரீஸோடு லேத்து முன்னால் நின்றான். ஈரோட்டுக்காரர் தன் உருப்படியை வாங்கிப் போக நேரிலேயே வந்திருந்தார். புது ஆளைக் கண்டதும், "தம்பி யாருங்க? இதுக்கு முன்னாடி என்ன பண்ணீட்டிருந்தாரு?" என்று விசாரித்தார்.

"நம்ம பையனுங்க" என்றார் சீனிவாசலு. "இத்தன நாளா வெளையாடீட்டிருந்தானுங்க."

ஈரோட்டுக்காரர் சிரித்தார். வம்சிக்கு ரத்தம் தலைக்கேறியது. அது விளையாட்டில்லை, வெளிநாட்டில் ஸ்டேடியம் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று அத்தனையும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நைனா சிரிக்கவில்லை. மகன் மறுத்துச் சொன்னால் அதையும் நம்பத் தயாராக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வம்சி குனிந்து, வேஸ்ட் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான்.

"ஆமாங்க" என்றான்.