எஞ்சின் விளக்கை அணைத்தவர்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷெட் வைத்திருந்த அந்த மெக்கானிக்குக்கு வலது புருவம் கிடையாது. ஏதோ ஒரு ரேடியேட்டரின் ஆவி தின்றுவிட்டதாம். பானெட்டைத் திறந்ததும் ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்பார்.

என் பழைய காரின் டாஷ்போர்டில், எஞ்சினில் கோளாறு என்று காட்டும் விளக்கு எரிந்தால் அவரிடம்தான் போவேன். “லைட்ட அணைச்சு வுடுப்பா” என்பேன். வெயிலில் இறங்க மாட்டேன். காலை மட்டும் ஒதுக்கிக்கொள்வேன். அவர் என் காலடியில் குந்தி, ஸ்டீயரிங்குக்கு அடியில், கோளாறு என்னவென்று காட்டும் ஸ்கேனரைச் செருகி விளக்கை அணைப்பார். கதவைச் சாத்தியதுமே, ஏசி வீணாகக் கூடாதென்று கண்ணாடியை ஏற்றிவிடுவேன். பத்து நாளில் விளக்கு மறுபடி எரியும். நாலு தடவை இப்படி.

அதற்கப்புறம் ஒருநாள் மானாம்பதி தாண்டி எஞ்சின் நின்றேவிட்டது. டிராக்டரில் கட்டி இழுத்துவந்தேன். அன்றுதான் அந்த ஷெட்டில் முதன்முதலாகத் தரையில் நின்றேன்.

“தண்ணி பம்பு ஒழுவிக்கினே இருந்துச்சு சார். சூட்டுல எஞ்சின் ஜாம் ஆயிடுச்சு. இனிமே எடைக்குத்தான் போடணும்.”

“தெரிஞ்சிக்கினே ஏன்டா சொல்லல?”

அவர் நிதானமாகக் கையைத் துடைத்தார். “நாலு வாட்டியும் சொன்னேனே சார்.”

“எப்ப சொன்ன?”

“நீ கண்ணாடிய ஏத்துனப்புறம்.”

கண்ணாடிக்கு அப்பால் அவர் வாய் அசைந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நன்றி சொல்கிறார் என்று நினைத்து, நாலு தடவையும் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.