பன்னிரண்டு கிலோ போர்ட்டபிள்

அய்யாக்குட்டி அண்ணாச்சிக்கு வலது தோள் இடதைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். கேட்டால், "எல்லாம் அந்தச் சனியன் பிடிச்ச பெட்டி பண்ணின வேலை" என்பார்.

தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு சர்வே கம்பெனியில் உதவியாளர் அவர். கப்பல் எவ்வளவு ஆழம் தண்ணிக்குள் அமுங்கியிருக்கிறது என்று அளந்து, உள்ளே இருக்கிற சரக்கின் எடையைச் சொல்வதுதான் கம்பெனி வேலை. எண்பத்தாறில் அந்தக் கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தையல் மிஷின் பெட்டி அளவு, உள்ளங்கை அகலத்துக்குத் திரை, அதில் பச்சை எழுத்து. எடை பன்னிரண்டு கிலோ. பேரு என்னமோ போர்ட்டபிள்! கூட வந்த புத்தகத்தின் அட்டையில் ஒரு வெள்ளைக்காரன் அதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நடப்பான். அவனைக் கூட்டிவந்து நிலக்கரிக் கப்பல் ஏணியில் ஏற்றிப் பார்க்கணும் என்று அண்ணாச்சி பல்லைக் கடிப்பார்.

ஆனாலும் ஏறினார். மேலே போய்விட்டால் கேப்டன் நாற்காலி போடச் சொல்லுவார், காப்பி வரும், கணக்கு வரும்வரை எல்லாரும் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆபீசிலோ, காப்பி வாங்கிவருவதே அவர்தான்.

நாலு வருஷத்தில் மடக்குகிற மாதிரி ஒன்று வந்தது, ஏழு கிலோ. அதை மேனேஜர் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். பழையது அண்ணாச்சிக்கு. அப்புறம் ஐந்து கிலோவில் பேட்டரி போட்ட ஒன்று வந்தது. அதுவும் மேஜைக்கே போனது, அந்த ஏழு கிலோ இவருக்கு வந்து சேர்ந்தது. புதுசு வரவர மேஜைக்குத்தான் வாழ்வு.

தொண்ணூற்றேழில் தோள் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. "இனிமே கனம் தூக்குனா கை விளங்காது" என்றார் டாக்டர். பெட்டி தூக்கமுடியாவிட்டால் கப்பலும் இல்லை. அண்ணாச்சி விடவில்லை. இரண்டரைக் கிலோவில் புதுசு வந்திருக்காமே, அதை வாங்கிக் கொடுங்க என்று ஆறு மாசம் மனு மேல் மனுவாக எழுதினார்.

"ஏளா, இந்தத் தடவை கிடைக்கலன்னா நான் காப்பி வாங்கியேதான் ரிட்டயர் ஆகணும்" என்று மனைவி முருகேஸ்வரியிடம் புலம்பினார்.

ஒருவழியாக வந்தது. அன்றைக்கே துறைமுகத்தில் ஒரு நிலக்கரிக் கப்பலும் வந்து நின்றது. அண்ணாச்சி தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு ஆயத்தமாக நின்றார். சர்வேயர் சிவப்பிரகாஷ் பெட்டியை எடுத்தான், தூக்கிப் பார்த்தான், தன் தோளிலேயே மாட்டிக்கொண்டான்.

"அட, இதுல என்ன கனம் இருக்கு அண்ணாச்சி? நானே கொண்டு போயிடுதேன். நீங்க ஃபோனைப் பாத்துக்கிடுங்க."

ஆறு மாச மனு! அண்ணாச்சிக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

ஒரு மணி நேரத்தில், கப்பல் கட்டியிருக்கிற ஜெட்டி ஷெட்டிலிருந்து ஃபோன். சிவப்பிரகாஷ்தான். "அண்ணாச்சி, கணக்கு பாதில நிக்கி. எந்த பட்டன அமுக்கணும்?"

அண்ணாச்சிக்குத் தெரியும். பதினோரு வருஷமாக அமுக்குகிற பட்டன்.

"நேர்ல பாத்தாத்தான் தம்பி சொல்ல முடியும்" என்றார். "இந்தா, சைக்கிள்ல வந்திருதேன்."

ஃபோனில் டொக் டொக்கென்று பட்டன்களைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"ஆங், கணக்கு வந்துட்டு அண்ணாச்சி. நீங்க வரண்டாம்."