கற்குவியலைச் சுற்றிப் போன வழி

மாக்சின் டோரன்ஸ் பிறந்தது நெவாடா பாலைவனத்தில், வெள்ளிச் சுரங்கம் மூடிப்போன ஓர் ஊரில். இருபத்தாறு வயதில் மலையடிவாரத்துப் பள்ளத்தாக்குக்கு வந்து, வீடு வீடாக கேஸ் நிரப்பும் லாரியை ஓட்ட ஆரம்பித்தாள். லாரி எந்தப் பக்கம் திரும்பினாலும் மேற்கே சியரா மலை சுவர் மாதிரி நின்றது. ஒரு வருஷம் பூராவும் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். மேலே போக வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. மின்கம்பி வேலை செய்த வாரன் அவளைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகுதான் மலைக்குள் ஏரிகள் இருக்கின்றன என்பதே அவளுக்குத் தெரிய வந்தது.

வாரன் பாதையில் நடக்கிறவன் இல்லை. வரைபடத்தை விரிப்பான், ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவே விரலால் நேராக ஒரு கோடு இழுப்பான், "இப்படிப் போறோம்" என்பான். கோடு எதன்மேல் போகிறது என்பது அங்கே போன பிறகுதான் தெரியும். பெரும்பாலும் கற்குவியல்தான். மாட்டுக்கொட்டகை அளவுப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கும். வாரன் ஆடு மாதிரித் தாவிப் போவான். மாக்சின் திட்டிக்கொண்டே பின்னால் போவாள். அப்படியே இருபது கோடைக்கு மேல் போய்விட்டது. அவள் ஒரு தடவைகூட வரைபடத்தைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை.

வாரனுக்கு அறுபது வயது முடிந்த வசந்தத்தில் இடது கண்ணின் விழித்திரை கிழிந்தது. இரண்டு தடவை அறுவை செய்தும் அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. வலது கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. காபியை ஊற்றினால் கோப்பைக்கு வெளியே போகும். வாசற்படியில் கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைப்பான். அங்கே தரைதான் இருக்கும். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மலையைப் பற்றியும் பேசவில்லை.

நவம்பரில் ஒரு நாள் ஹார்லன் போன் செய்தான். ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். வாரனோடு சின்ன வயதிலிருந்து மலை ஏறியவன்.

"மாக்ஸ், உன் புருஷன் கூடாரத்த விக்கப் போறானாமே? என் கடைப் பலகையில சீட்டு ஒட்டிட்டுப் போயிருக்கான்."

"யாராவது கேட்டாங்களா?"

"கேக்கறதுக்கு முன்னாடியே கிழிச்சுப் போட்டுட்டேன்."

அன்று சாயங்காலமே மாக்சின் பரணிலிருந்து வரைபடங்களை இறக்கி சமையலறை மேசையில் விரித்தாள். வாரன் தட்டோடு வந்து நின்றான்.

"என்ன இது?"

"ஏரி."

"ஏரின்னு தெரியுது. நான் எங்க வச்சு சாப்பிடறது?"

"மடியில வச்சு சாப்பிடு."

அவன் தட்டோடு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, லாரியை நிறுத்திவிட்டு வந்தால் அவளுக்கு அதுதான் வேலை. உயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம் என்பது சீக்கிரம் பிடிபட்டது. காலுக்கடியில் என்ன இருக்கும் என்பதை மட்டும் வரைபடம் சொல்லவில்லை. அதற்காகக் கம்ப்யூட்டரில் செயற்கைக்கோள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். புல் பச்சையாகத் தெரிந்தது. சொரசொரப்பான சாம்பல் நிறம் கற்குவியல். அதற்கும் வெளுப்பாக, வழவழவென்று தெரிந்தது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அது பாளம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வாரன் எப்போது வந்து நின்றான் என்று அவள் கவனிக்கவில்லை. "ஒரே கல்லு. படுத்த மாட்டு முதுகு மாதிரி இருக்கும். நடக்கலாம்."

"கல்லுக்குக் கல்லு தாவ வேண்டாம்ல?"

"வேண்டாம்." திரைப் பக்கம் குனிந்தான். "இதெல்லாம் எனக்காகப் பண்றியா?"

"எனக்காக. இத்தன வருஷம் உன் பின்னாடி ஓடி ஓடி என் முட்டி போச்சு."

புல்லும் பாளமும் மட்டும் மிதித்துப் போகிற மாதிரி அவள் ஒரு வழி போட்டாள். பாதை முடிகிற ரென் ஏரியிலிருந்து ஒரு கணவாய்க்கு ஏற வேண்டும். அங்கிருந்து இடப்புறம், மலைச்சரிவில் திண்ணை மாதிரி ஓடும் புல் விளிம்பைப் பிடித்து ஆன்வில் ஏரிக்கு இறங்க வேண்டும். பார்த்ததும் ஹார்லன் சிரித்தான்.

"என்ன மாக்ஸ், பாம்பு போன தடம் மாதிரி இருக்கு? வலது பக்கமா இறங்கினா பொழுதோட போய்ச் சேர்ந்துடலாமே."

"வலது பக்கம் பூரா கல்லு."

"மலைன்னா கல்லு இருக்காதா? பூங்காவுக்கா போறோம்?"

"அப்ப நீ வராத."

"வராமலா? சமைக்க உங்களுக்கு யார் இருக்கா?" என்றான் அவன்.

ஆகஸ்டில் மூன்று பேரும் கிளம்பினார்கள். அடுப்பும் பாத்திரமும் ஹார்லன் மூட்டையில். சாப்பாடு எல்லாம் கரடி திறக்க முடியாத டப்பாவில், மாக்சின் முதுகில். கணவாய் வரைக்கும் அவள் போட்ட வழி தப்பவில்லை. பாளங்களின்மேல் வாரன் கைத்தடி இல்லாமலே ஏறினான். உச்சியில் நின்று மூச்சு வாங்கியபோது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவளும் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இடது பக்கம் புல் விளிம்பு ஆரம்பித்தது. அழகான விளிம்பு, கால் பதிய நடக்கலாம். ஒரு வளைவு திரும்பியதும் அது அறுந்து நின்றது. கீழே ஒரு வீட்டு உயரத்துக்குச் செங்குத்துப் பாறை. வரைபடத்தில் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே அந்தச் செங்குத்து ஒளிந்துகொண்டிருந்தது. படத்தில் அதை நிழல் என்று நினைத்திருந்தாள்.

"சரி, ஒண்ணும் குடி முழுகிடல" என்றான் ஹார்லன். "வலது பக்கமா போலாம் வாங்க." கணவாய்க்குத் திரும்பியதும் கற்குவியலில் தாவித் தாவி இறங்க ஆரம்பித்துவிட்டான். நின்று பேசுகிற ஆள் இல்லை அவன்.

வாரன் கற்குவியலின் ஓரத்தில் நின்றான். முதல் பாறையில் காலை வைத்தான். இரண்டாவதைப் பார்த்துத் தாண்டினான். அது அவன் நினைத்த இடத்தில் இல்லை. கால் காற்றில் இறங்கியது. மூட்டையோடு உட்கார்ந்து விழுந்தான். உள்ளங்கை தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. மாக்சின் இறங்கி வந்து கையைப் பிடித்தாள்.

"எங்க அடிபட்டுச்சு?"

"ஒண்ணுமில்ல. கைய விடு."

"வாரன், மேல ஏறி வா. முகட்டோட தெக்க போனா ஒரு சின்ன ஏரி இருக்கு. அங்கேருந்து கீழ இறங்கப் புல் தெரியுது. சுத்துதான். ஆனா இது வேண்டாம்."

"அதையும் படத்துலதான பாத்த?"

"ஆமா, படத்துலதான் பாத்தேன். தப்பாவும் இருக்கலாம். தப்பா இருந்தா வந்த வழியே வீட்டுக்குப் போலாம்."

"நீங்க ரெண்டு பேரும் போங்க. என்னைய ஏன் குழந்தை மாதிரி இழுத்துட்டு அலையற? அவன் போறான் பாரு. நானும் அப்படிப் போனவன்தானே."

என்ன சொன்னாலும் தப்பாகப் போகும் என்று மாக்சினுக்குத் தோன்றியது. தண்ணீர் பாட்டிலை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். கீழே ஹார்லன் ஒரு புள்ளியாகிவிட்டான். வாரன் உள்ளங்கையைக் கழுவினான். பிறகு எழுந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "எந்தப் பக்கம்?" என்றான்.

சின்ன ஏரியை அவர்கள் தொட்டபோது வெயில் எதிர்முகட்டில் ஏறிவிட்டது. பெயர் இல்லாத ஏரி. ஓர் ஓரத்தில் இன்னும் பனி இருந்தது. இறங்குகிற வழியில் புல் இருந்தது. ஆனால் இருட்டுவதற்குள் இறங்க முடியாது. நேர் கீழே ஆன்வில் ஏரிக் கரையில் ஹார்லனின் ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. அவனும் இவர்களைப் பார்த்துவிட்டான். காற்று கொஞ்சம் அடங்கியதும் அவன் குரல் மேலே வந்தது.

"மாக்ஸ்! சாப்பாடு உங்கிட்ட இருக்கு!"

அவள் கையைக் குவித்துக் கத்தினாள். "அடுப்பு உங்கிட்ட இருக்கு!"

ஆரஞ்சுச் சட்டை கரையில் இங்கும் அங்கும் நடந்தது. பிறகு, "நான் இப்ப என்ன பண்றது?"

"வெந்நீர் வச்சுக் குடிடா!" என்று வாரன் கத்தினான். கத்திவிட்டு அவனே சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். கண் போன பிறகு அவன் அப்படிச் சிரித்து மாக்சின் பார்த்ததில்லை.

நூடுல்ஸைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்றார்கள். வாய்க்கு விளங்கவில்லை. பாலாடைக்கட்டியும் ரொட்டியும் இருந்ததால் பிழைத்தார்கள். ஏரித் தண்ணீர் சிவந்து, பிறகு வெளுத்துக்கொண்டிருந்த நேரத்தில் வாரன் கேட்டான்.

"மாக்ஸ், அதோ ஏரிக்கு நடுவுல அந்தக் கல்லு. எவ்வளவு தூரம் இருக்கும்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்ம வீட்டு வாசல்லேருந்து தபால் பெட்டி இருக்கே, அவ்வளவு."

"அவ்வளவுதானா? எனக்கு எல்லாம் ஒட்டினாப்ல இருக்கு. கல்லு, தண்ணி, அந்தப் பக்கத்து மலை, எல்லாம் ஒரே சுவத்துல வரைஞ்ச மாதிரி. வீட்லயும் அப்படித்தான். சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

"அந்தப் பக்கத்து மலை ரொம்பத் தள்ளி இருக்கு. நடந்தா ஒரு மணி நேரம்."

"பனி?"

"பக்கத்துல. எந்திரிச்சுப் பத்து எட்டு வச்சா மிதிக்கலாம்."

அவன் எழுந்து போய் மிதித்துப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டான்; அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவளுக்கும் நிச்சயமாகத் தெரியாததற்கு "தெரியல" என்றாள். குளிர் தாங்காமல் போனதும் கூடாரத்துக்குள் போனார்கள்.

காலையில் புல் சரிவில் இறங்கினார்கள். கரையில் ஹார்லன் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டு காத்திருந்தான். தூண்டிலில் ஒரு மீனும் சிக்கவில்லையாம். மாக்சின் டப்பாவைத் திறந்து எடுத்த ஓட்ஸ் பையைப் பிடுங்கிப் பாத்திரத்தில் கொட்டினான். பாதிப் பாத்திரம் காலியான பிறகு, "உன் வழி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

"சுத்து."

"எங்க தூங்குனீங்க?"

"பேர் இல்லாத ஏரி."

"நல்ல ஏரியா?"

வாரன்தான் பதில் சொன்னான். "நீ பாக்க வேண்டிய ஏரிடா. கல்லு வழியா வந்தா வராது."

அதற்குப் பிறகு நாலு கோடை வந்து போனது. ஒரு வருஷம் காட்டுத்தீப் புகையால் மலையையே மூடிவிட்டார்கள். மற்ற மூன்று வருஷமும் போனார்கள். அவள் போட்ட வழி ஒவ்வொன்றும் எங்கேயாவது மாறத்தான் செய்தது. கல் வரும் இடத்தில் வாரன் அவளுக்கு ஓர் எட்டு பின்னால் நடக்கிறான். அவள் "கீழ", "கிட்ட", "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே போகிறாள். இந்தக் குளிர்காலம் மேசையில் தெற்குப் பக்கத்து வரைபடம் விரிந்து கிடக்கிறது. ஒரு கணவாயைப் பற்றி இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.