தரைக்கு வராத கால்

அண்ணியின் பீரோ கதவின் உட்பக்கம் ஒரு படம் ஒட்டியிருக்கும். சாமி படமில்லை, கல்யாணப் படமுமில்லை. கறுப்பின மனிதன் ஒருவன், சட்டையில்லாமல், வலது காலைத் தன் தலைக்கு மேலே வீசியபடி அந்தரத்தில் நிற்பான். ராயப்பேட்டைத் தியேட்டரின் கண்ணாடிப் பெட்டியில் குத்தியிருந்த ஸ்டில் அது. படம் மாறிய அன்று டிக்கெட் கிழிப்பவரிடம் கெஞ்சி வாங்கி, முந்தானைக்குள் மறைத்து எடுத்துவந்தாள்.

அடையாற்றங்கரையில் எங்கள் குடிசைக்கு அவள் வாழவந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு, எனக்குப் பத்தொன்பது. நல்ல கறுப்பு. கல்யாண ஆல்பத்தில், புகைப்படக்காரர் அப்பிய பவுடரில் முகம் சாம்பலாகவும் கழுத்து மட்டும் அவளுடையதாகவும் இருக்கும். வந்தவர்களுக்கு அம்மா அந்த ஆல்பத்தை எடுத்துக் காட்டும்போதெல்லாம் அண்ணி குடத்தோடு தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் போனது காலைக் காட்சிக்கு, குங்ஃபூ படத்துக்கு. திரும்புகையில் மறக்காமல் குளத்தருகே இறங்கிக் குங்குமம் வைத்துக்கொள்வோம். எங்கள் ஊர்ப் படங்களில் கறுத்தவள் வந்தால் சிரிப்பு மூட்ட வருவாள். குங்ஃபூ படத்திலோ மீன் விற்கும் சீனக் கிழவி நாலு பேரைப் புரட்டி எடுத்தாள். கறுத்தவன் அடித்தான், அவன் அடிக்கும்போது அரங்கமே விசிலடித்தது. ஆனால் கடைசிவரை அவனை விட்டுவைக்கமாட்டார்கள்.

“நம்ம கலர்ல ஒர்த்தன் வந்தா முடிவுக்கு முன்னாடி பூடுவான் பாரு. ஹீரோவுக்குக் கோவம் வரணும்ல, அதுக்குன்னே சாவடிப்பானுங்க” என்பாள் அண்ணி.

அந்த ஸ்டில்லின் படத்தை மட்டும் மூன்று முறை பார்த்தோம். மூன்று முறையும் ஒரே இடத்தில், வாளேந்தியவர்கள் அவனை வட்டமாகச் சூழ்கிறபோது, அண்ணி செருப்பைத் துழாவிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“எய்ந்துரும்மே, போலாம். நாம பாக்கலன்னா அவன் சாவல.”

வெயிலில் கண் கூசியபடி நடப்போம். முடிவு தெரியாத குறை எனக்கு இருந்தது. அவளுக்கு இல்லை.

வருஷங்கள் போயின; ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றி எங்களைக் கலைத்தார்கள். அண்ணி இப்போது பெருங்குடிக்கு அப்பால் ஓர் அடுக்குவீட்டில் இருக்கிறாள். போன மாதம் அந்தப் படம் என் செல்போனில் அகப்பட்டது. தனியே உட்கார்ந்து, முதன்முறையாக முடிவுவரை பார்த்தேன். பார்த்த கையோடு பஸ் ஏறினேன்.

அவள் மடியில் போனை வைத்தேன். வாளேந்தியவர்கள் சூழ்ந்தார்கள். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“எங்க போற, அண்ணி?”

“அடுப்புல பால் கீது.”

அடுப்பு எரியவே இல்லை.

“உக்காரு. அவன் சாவல.”

“சும்மா சொல்லாதம்மே.”

“உம்மேல சத்தியம்.”

முழங்காலைத் தேய்த்தபடி உட்கார்ந்தாள். அவன் வட்டத்தை உடைத்தான். அடிபட்டு விழுந்த ஹீரோவைத் தோளில் தூக்கிக்கொண்டு, ரத்தம் வழிய, நீளமான கற்படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினான். கடைசிப் படி. தரை. படம் முடிந்தது.

அண்ணி போனை என் கையில் கொடுத்தாள். பிறகு, “மூணு வாட்டியும் எய்ந்து வந்தேனே, லூசு மாரி” என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

பீரோவைத் திறந்தாள். ஸ்டில் வெளுத்துப்போயிருந்தது. இத்தனை வருஷமாய் அந்தரத்தில் நின்ற அந்தக் காலைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

“எறங்கிட்டான்” என்றாள்.