பெண் டியூபில் ஆண் வந்த கதை

1. கிராஃப்

"ஸ்டெல்லா, பெண் டியூப்ல ஆணைப் போட்டுட்டே."

கிராஃப் தெரிந்த கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஆராய்ச்சியை நடத்திய சார் இப்படிச் சொன்னார். இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, சரியாக நினைவில்லை. வடசென்னை விம்கோ நகரில் பழைய கிடங்கு ஒன்றைத் தடுத்து நடத்திவந்த தனியார் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் ஒப்பந்த லேப் டெக்னீஷியன். பன்றிக் குடலில் வளரும் உருளைப்புழுவைப் பற்றிய வேலை.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று ஒன்று உண்டு. எந்த ஜீன் எவ்வளவு வாயைத் திறக்கலாம் என்று செல்லுக்குள் அடக்கி வைக்கிற பொடித் துணுக்கு. ஆண் புழுவில் எது அதிகம், பெண் புழுவில் எது அதிகம் என்று நாங்கள் பட்டியல் போட வேண்டும். ஆணுக்கே உரியது என்று சார் நம்பியிருந்த ஒன்று எல்லாப் பெண் டியூபிலும் தலைகாட்டியிருந்தது.

"நான் சரியாத்தான் சார் பிரிச்சேன்."

"அப்போ மெஷின் பொய் சொல்லுதா?"

என் ஃபைலை எடுத்து, 'சாம்பிள் பிரிப்பதில் கவனக்குறைவு' என்று எழுதினார். அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. அந்த வரியோடு ஃபைல் மேலே போனால் நீட்டிக்க மாட்டார்கள். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆண் புழு சின்னது, வால் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். பெண் நீளம், வால் நேராக இருக்கும். கண்ணைக் கட்டிவிட்டால்கூட விரலால் தடவிச் சொல்லிவிடுவேன். சார் ஒரு புழுவைக்கூட உயிரோடு தொட்டவர் இல்லை. அரைத்து டியூபில் ஊற்றிய பிறகுதான் அவருக்கும் புழுவுக்கும் அறிமுகமே.

2. கறிக்கடை

புழு கிடைக்கும் இடம் ராயபுரத்தில் லூர்து அக்காவின் பன்றிக்கறிக் கடை. ஞாயிறு காலை பூசை முடிந்து கூட்டம் வருமுன் குடலைப் பிரித்து எனக்கென்று ஒரு பேசினில் போட்டு வைப்பார். வெதுவெதுப்பான உப்புநீர் பிளாஸ்க்கில் புழுக்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு லேபுக்கு ஓடுவேன். ஒருமுறை கறி வாங்க வந்தவர் பிளாஸ்க்கைப் பார்த்து, "உள்ள டீ கீதா?" என்று கேட்டார். நான் மூடியைத் திறந்து நீட்டினேன். மனுஷன் கறியும் வாங்காமல் போய்விட்டார். லூர்து அக்கா அதற்கு என்னைத் திட்டித் தீர்த்தார்.

சார் ஃபைலில் எழுதிய வாரத்து ஞாயிறு, புழுக்களைப் பொறுக்கிப் பிளாஸ்க்கில் வீசிக்கொண்டிருந்தேன்.

"இன்னாமே, மூஞ்சி இப்டி கீது?"

சொன்னேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"பொம்பளப் புழுவுல எந்த மாரி பொறுக்கினு போவே?"

"நல்லா கொழுத்ததா கொண்டா, அப்பதான் சரக்கு நெறைய வரும்னு சாரே சொல்லியிருக்காருக்கா."

"அது இன்னா துன்னு கொழுத்துச்சு? வவுறு பூரா முட்டமே! ஆம்பள இல்லாமயா முட்ட வந்துச்சு? முழுசாப் போட்டு அரச்சா அவன் சமாச்சாரமும் சேந்துதான் வரும். உங்க சாருக்கு கல்யாணம் ஆவலியா?"

இருவரும் சிரித்த சிரிப்பில் கல்லாவில் இருந்த அவர் தம்பி எழுந்து வெளியே போய்விட்டார். சிரித்து முடித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் விலங்கியல் படித்தவள். பெண் உருளைப்புழு ஆணின் விந்தை உள்ளே வாங்கிச் சேர்த்து வைத்திருக்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். லேபில் முழுப் புழுவை அரைத்த கையும் இதே கைதான்.

3. இரண்டு ஸ்லைடு

மறுநாள் மெழுகுத் தட்டில் ஒரு பெண் புழுவைக் குண்டூசி குத்திப் பரப்பி, நீளவாக்கில் கீறினேன். கருப்பைக் குழாயின் மேல்முனையை நறுக்கி, உள்ளே இருந்ததை ஸ்லைடில் பிதுக்கினேன். பக்கத்தில் ஆண் புழுவின் விந்துப்பையிலிருந்து ஒரு ஸ்லைடு. சாரைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினேன்.

"ரெண்டும் ஆண் புழுவோட விந்துதானே? இதுல என்ன இருக்கு?"

"ரெண்டாவது, பெண் வயித்துக்குள்ள இருந்து எடுத்தது சார்."

மறுபடி குனிந்து இரண்டு ஸ்லைடையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், அவர் காது சிவந்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த வாரம் பெண் புழுக்களைப் பிரித்தே வேலை செய்தோம். கருப்பைக் குழாய் ஒரு டியூப், குடலும் உடல் தோலும் இன்னொரு டியூப். சந்தேகப்பட்ட துணுக்கு முதல் டியூபில் கொழுகொழுவென்று வந்தது. இரண்டாவதில் மருந்துக்கும் இல்லை.

"இந்த யோசனை உனக்கு யாரு சொன்னது?"

"ராயபுரம் கறிக்கடை அக்கா சார்."

"அதை எப்படி ரிப்போர்ட்ல போடறது?"

"அதைப் போட வேணாம் சார். என் ஃபைல்ல போட்டதை எடுத்துடுங்க."

சார் என் முன்னாலேயே அந்த வரியை அடித்து, பக்கத்தில் 'தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தம் நீண்டது. ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன்.

லேபில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இப்போதும் என்னைப் பார்க்க வந்தால் நான் சொல்வது இதுதான். ரிசல்ட் கோணலாக வந்தால் பிரித்தவளைத் திட்டுமுன் புழுவை அறுத்துப் பாருங்கள். அறுத்தும் புரியவில்லையா? தினம் அறுக்கிறவர்களிடம் போய்க் கேளுங்கள். கொஞ்சம் சிரிப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.